அடுப்படி அலமாரி

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்’ என்று சொல்லி வைத்த நம் முன்னோர், கட்டிய வீட்டில் முப்பது ஆண்டு கழிந்தபின் அடுப்படி அலமாரியைப் பழுது பார்க்கும் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போனார்கள். அவர்கள் காலத்து அடுப்படியில் அலமாரி ஏது? சுவரில் ஒரு மாடம், தலைக்கு மேல் ஒரு பரண், மூலையில் ஓர் உறி, வரிசையாய்ச் சில பானைகள். பானை உடைந்தால் வேறு பானை. நமக்கு வாய்த்ததோ தில்லி மாநகரில் இரண்டாம் மாடி வீடு ஒன்றில் எட்டடிக்கு ஆறடி அளவுள்ள சமையலறை. அதில் தேக்குச் சட்டமும் ஒட்டுப்பலகையும் சன்மைக்காத் தகடும் கொண்டு 1991-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அலமாரிகள். கல்மேடைக்குக் கீழே நான்கு கதவுகள், மேலே சுவரில் நான்கு கதவுகள்.

வீட்டை வாங்கியவர் நம் தந்தையார். தில்லி வளர்ச்சிக் குழுமம் 1979-இல் அறிவித்த புதிய பதிவுத் திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, அரசுக் குடியிருப்பில் காத்திருந்து, 1990-இல் சாவி பெற்றார். அத்திட்டத்தில் பதிந்தவர்களுள் அவரினும் நெடுங்காலம் காத்திருந்தோர் பலர் உண்டு. ஆதலால் பதினோராண்டை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை. வெறும் கல்மேடையோடு கிடைத்த சமையலறைக்கு அலமாரி செய்ய, சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுத்தார். மறு ஆண்டு கோடை விடுமுறையில் அன்னையாரும் தமக்கையும் நாமும் தஞ்சைப் பக்கத்து ஊருக்குப் போயிருந்த நாற்பது நாள்களுக்குள், தச்சரை வரவழைத்து வேலையை முடித்தும் விட்டார்.

அப்போது நமக்கு வயது பதினொன்று. தமிழ்நாடு எக்ஸ்பிரசில் வந்திறங்கி, பெட்டியும் கூடையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையலறை வாசலில் தந்தையார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற கோலம் இன்றும் கண்ணில் இருக்கிறது. சட்டங்களுக்குப் பச்சை இனாமல், கதவுகளின் முகத்தில் மரவரி போட்ட சன்மைக்கா, பித்தளைக் கைப்பிடிகள். அன்னையார் எட்டுக் கதவுகளையும் ஒருமுறை பார்த்தார். “நல்லா இருக்கு” என்றார். தந்தையார் கைகளை முன்னே எடுத்தார். அன்று முதல் அந்த அலமாரி நம் குடும்பத்தில் ஒரு புகழ்பெற்ற பொருளாயிற்று. விருந்தினர் வந்தால் சமையலறை வரை அழைத்துச் சென்று காட்டப்பட்ட பெருமை அதற்கு உண்டு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அதன் புகழுக்குக் குறை நேர்ந்தது. தில்லியின் மே மாதக் காற்று மரத்தை முறுகக் காய்ச்சிவிட்டுப் போகும். சூலையில் வரும் புழுக்கம் அதே மரத்தை உப்ப வைக்கும். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கதவுகள் இறுகுவதும் குளிர்காலத்தில் தளர்வதும் நமக்குப் பழக்கந்தான். ஆனால் இம்முறை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழிருந்த கதவு கீலோடு கழன்று நம் இல்லாளின் கால்விரலில் விழுந்தது. திருகாணி இருந்த இடத்தில் மரம் இல்லை. தேநீர்த்தூள் போன்ற ஏதோ ஒன்று இருந்தது. மேல் வரிசையில் இரண்டு கதவுகள் வில்லாய் வளைந்து மூட மறுத்தன. சன்மைக்காவின் ஓரங்கள் பல இடங்களில் எழும்பி நின்றன. “என்னங்க, இனியும் இதை நூல் போட்டுக் கட்டி வைக்க முடியாது” என்றார் இல்லாள்.

அலுவலகத்தில் ஒரு டசன் நாற்காலி வாங்க வேண்டுமென்றால் விலைப்புள்ளிகள் கேட்டு, ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து, குறிப்பெழுதி மேலே அனுப்பும் வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்து வருகிறவர் நாம். வீட்டிலும் அவ்வாறே தொடங்கினோம். பழைய அலமாரிக்குப் புதுச் சாயம் பூச 11,000 ரூபாய். உள்கூடு அப்படியே இருக்க, கதவுகளை மட்டும் மாற்றி வெளிமுகமெல்லாம் புதுத் தகடு ஒட்ட 46,000. அனைத்தையும் பெயர்த்தெறிந்து தச்சரைக் கொண்டு புதிதாய்ச் செய்ய 1,40,000. கண்ணாடிக் கதவுடைய ஒரு கடையில், நம் சமையலறையைக் கணிப்பொறித் திரையில் வரைந்து காட்டி, குளிர்ந்த நீரும் கொடுத்து, மாடுலர் கிச்சன் என்ற பெயரில் கேட்டது 2,60,000.

தந்தையாருக்கு இருந்த சேமநல நிதி நமக்கில்லை. 2004 சனவரி முதல் நாள் தொட்டுப் பணியில் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு அந்த வாசல் அடைக்கப்பட்டுவிட்டது. நாம் சேர்ந்தது 2005-இல். கையில் இருந்தது, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று மாதந்தோறும் கட்டி வந்த தொடர்வைப்பு. 90,000 ரூபாய்க்கு முதிர்ந்திருந்தது. இனி, எந்த வழியை நாம் முதலில் விரும்பினோம் என்பதை வாசகர் சொல்லாமலே அறிவர்.

சாயம் பூசுவது எளிதென்று எண்ணியிருந்தோம். எளிதன்று. முப்பது ஆண்டுத் தாளிப்பின் ஆவி கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்காக எல்லாப் பரப்பிலும் படிந்திருக்கிறது. சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்துக் காயவிட்டாலன்றி எந்தச் சாயமும் அதன்மேல் நில்லாது. ஆறு மாதத்தில் வெங்காயத் தோல்போல் உரியும். கழுவிய பின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். இங்கேதான் நாம் தயங்கினோம். வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. 1991-இல் பூசிய பச்சை இனாமலிலும், பிறகு ஏதேதோ தீபாவளிகளுக்கு அதன்மேல் பூசிய பூச்சுகளிலும் எவ்வளவு ஈயம் கலந்திருந்ததோ? அதை உலர்ந்தபடியே தேய்த்தால் எழும் தூள், அரிசிப் பாத்திரத்திலும் இறங்கும், பிள்ளைகளின் மூச்சிலும் ஏறும். நீர் தொட்டுத் தேய்க்கும் தாள் உண்டு. ஆனால் ஏற்கெனவே ஈரத்தால் நொந்த பலகைக்கு மேலும் ஈரமா?

சன்மைக்காவின் மேல் சாயம் பிடிப்பது அதனினும் அரிது. வழவழப்புக்கென்றே பிறந்த தகடு அது. சன்மைக்கா என்பது உண்மையில் ஒரு வணிகப் பெயர். நம் நாட்டில் எவர் செய்த தகட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது. மேலைநாட்டில் ஃபார்மைக்காவுக்கும் இதே கதை. 1912-இல் அமெரிக்காவில், மின்கருவிகளில் பயன்பட்ட மைக்காவுக்கு, அதாவது நம் ஊர்க் காக்காய்ப் பொன்னுக்கு, மாற்றாக அதைக் கண்டுபிடித்தார்கள். ‘மைக்காவுக்குப் பதிலாக’ என்ற பொருளிலேயே பெயரும் வைத்தார்கள். மின்சாரத்தைத் தடுக்கப் பிறந்த பொருள் சாம்பார்க் கறையைத் தடுக்க வந்து சேர்ந்திருக்கிறது. போகட்டும். சாயம் பூசும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

கதவை மட்டும் மாற்றுவதா, முழுவதையும் மாற்றுவதா என்ற கேள்விக்கு விடை உள்கூட்டில்தான் இருக்கிறது என்றார், அண்டை வீட்டார் அனுப்பிவைத்த மிஸ்திரி. மூன்று தலைமுறைத் தச்சர். இந்தியில்தான் பேசுவார், பேச்சும் குறைவு. பலகையைத் திருப்புளியின் பிடியால் தட்டி ஓசையைக் கேட்டார். பிறகு அதன் முனையால் அங்கங்கே அழுத்தினார். மூன்று அறைகளில் முனை இறங்கவில்லை. தொட்டிக்குக் கீழே, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. “பாபுஜி, இது கரையான் இல்லை, தண்ணீர்” என்றார். தொட்டியின் குழாய்மூட்டிலிருந்து எத்தனை ஆண்டுகளாகவோ கசிந்த நீர், பலகையின் அடுக்குகளைப் பிரித்துவிட்டிருக்கிறது.

பலகைக்குப் பலகை பசை வேறு என்பதை அவரிடந்தான் கற்றோம். ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாய், இழை குறுக்கே வரும்படி ஒட்டியது. மலிந்த வகையில் யூரியா சார்ந்த பசை. சாதாரண ஈரத்தைத்தான் தாங்கும். உயர்ந்த வகையில் பீனால் சார்ந்த பசை, ஐ.எஸ். 710 என்று முத்திரை குத்தப்பட்ட கப்பல்தரப் பலகையின் ஒட்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்கிறார்கள். கண்ணாடிக்கதவுக் கடையின் ஒப்பந்தத் தாளை இரவில் மீண்டும் எடுத்துப் பார்த்தோம். உள்கூடு மரத்தூளை இறுக்கிச் செய்த பலகை என்றிருந்தது. பத்தாண்டு உறுதிமொழியும் இருந்தது. நீர் பட்டு நேரும் கேட்டுக்கு அது பொருந்தாது என்று சிறிய எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. சமையலறையில் நீர் படாமல் வேறென்ன படும்? அத்தாளை மடித்து உள்ளே வைத்தோம்.

ஆகவே கதவுகளை மாற்றி, தொட்டியடியை மட்டும் புதிதாய்ச் செய்து, ஏனையவற்றைத் தந்தையார் வைத்தபடியே வைப்பதென்று உள்ளத்தில் தீர்மானித்தோம். காசு ஒரு காரணம். காசு மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய்யாகும்.

மிஸ்திரி அளவெடுக்க வருமுன் அலமாரிகளைக் காலி செய்தபோது, சிலிண்டர் இருக்கும் அறையின் கதவை முதன்முறையாக முழுக்கத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தோம். அதன் உள்பக்கத்துக்குச் சன்மைக்கா ஒட்டவில்லை. செலவைக் குறைக்கத் தந்தையார் வெள்ளைப் பிரைமர் ஒரு பூச்சோடு நிறுத்தியிருந்தார். அந்த வெள்ளைப் பரப்பில், மேலிருந்து கீழாக, பென்சிலால், அலுவலகப் பேரேட்டில் எழுதும் அதே சிறிய கையெழுத்தில் தேதிகள். 4-8-91. 1-9-91. 28-9-91. சிலிண்டர் மாற்றிய நாள்கள். இருபத்தோராண்டுக் கணக்கு, ஐந்து பத்திகளில்.

நாம் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அமர்ந்து படித்தோம். ஒரு சிலிண்டருக்கு 14.2 கிலோ, நான்கு பேருக்கு ஏறக்குறைய இருபத்தேழு, இருபத்தெட்டு நாள். மே, சூன் மாதங்களில் இடைவெளி நீள்கிறது. நாம் ஊருக்குப் போயிருக்கிறோம், அவர் தனியாகச் சோறு வடித்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். 2004 பிப்ரவரியில் ஒரு சிலிண்டர் பதினோரு நாளில் தீர்ந்திருக்கிறது. அது தமக்கையின் திருமணம். 2012-இல் ஒன்று ஐம்பத்திரண்டு நாள் வந்திருக்கிறது. அப்போது அவர் மருத்துவமனையில், அன்னையாரும் அங்கேயே, வீட்டில் அடுப்பெரிய ஆள் இல்லை. அந்தத் தேதியையும் அவரே எழுதியிருக்கிறார், வீடு திரும்பிய பிறகு. கை நடுங்கியிருக்கிறது. அதுதான் கடைசி வரி. மறு ஆண்டு அவர் காலமானார்.

இதன்பின் அலமாரியின் ஓர் ஆணியையும் அசைக்க நமக்கு மனம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மிஸ்திரி வந்தார். மேல் அலமாரி அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும், கதவுகள் மட்டுமே மாற வேண்டும் என்று அவரிடம் விரிவாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் நாற்காலியில் இருந்த அன்னையார், வயது எழுபத்துமூன்று, எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார்.

“எல்லாத்தையும் நீங்களே பேசி முடிச்சுட்டீங்களா?” என்றார்.

“அப்பா செய்தது, அப்படியே இருக்கட்டுமே” என்ற பொருள்பட ஏதோ சொன்னோம்.

“உங்கப்பா நல்ல மனுஷர்தான். இல்லேங்கல. ஆனா அலமாரிய அவர் ஒசரத்துக்குல்ல கட்டிட்டார்?”

நமக்கு விளங்கவில்லை. அன்னையார் மேடையருகே வந்து வலக்கையை உயர்த்தினார். நான்கடி பத்தங்குல உயரம் அவருக்கு. விரல்நுனி மேல் அலமாரியின் கீழ்ச்சட்டத்தைத் தொட்டது, கைப்பிடியைத் தொடவில்லை. தந்தையார் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மிஸ்திரி அளவுநாடாவை நீட்டினார்: மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே முப்பது அங்குலம். இருபது அங்குலம் இருந்தாலே போதும் என்றார் அவர்.

நாம் அமர்ந்து தேதிகளைப் படித்த முக்காலி எதற்காக அந்தச் சமையலறையில் இருக்கிறது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. பருப்பெடுக்க, புளியெடுக்க, மிளகாய்த்தூள் எடுக்க, ஒரு நாளைக்கு எத்தனை முறை? 1991 முதல். அதிலிருந்து ஒருமுறை விழுந்து மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டதை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாம், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகவே இதுவரை எண்ணியிருந்தோம். அப்படித்தான் நமக்குச் சொல்லியிருந்தார்கள். “அவர் ஆசையா செஞ்சு வச்சிருக்கார். வந்ததும் வராததுமா எட்டலேன்னு சொன்னா மொகம் என்னாகும்? அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் எங்கே சொல்றது?” என்றார் அன்னையார்.

“எனக்கும் எட்டாது அத்தை” என்றார் இல்லாள். இவரும் பதினெட்டு ஆண்டுகளாக ஒன்றும் சொன்னவரல்லர். நாமோ தந்தையாரின் உயரம். நமக்கு எட்டாத பொருள் அந்தச் சமையலறையில் ஒன்றும் இருந்ததில்லை. எட்டிய நாம் எடுத்ததும் அதிகமில்லை.

அட்டவணை திருத்தப்பட்டது. மேல் அலமாரியின் சட்டங்கள் சுவரில் புதைக்கப்பட்டவை. அப்படியே இறக்க இயலாது. பெயர்த்தெடுத்து, நல்ல நிலையிலிருந்த தேக்குச் சட்டங்களை இழைத்துப் புதுக்கூட்டுக்குப் பயன்படுத்திக்கொள்வதென்று முடிவாயிற்று. அடுப்புக்கு நேர்மேலே இறக்கினால் அனல் தாக்கும். அங்கே அலமாரியே வேண்டாம், திறந்து கிடக்கட்டும் என்றார் மிஸ்திரி. கீழ் அலமாரியில் இரண்டு அறைகளுக்கு இழுப்பறைகள். குனிந்து தலையை உள்ளே விட்டுத் தேடுவதற்கு அன்னையாரின் முழங்கால் இனி இடங்கொடாது. ஆக மொத்தம் 86,500 ரூபாய். தொடர்வைப்பில் மிஞ்சியது 3,500. மகளின் கட்டணத்துக்கு மறுபடி முதல் மாதத்திலிருந்து கட்டத் தொடங்கியிருக்கிறோம். மகள் அதைக் குறித்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எங்கே எவ்வளவு கட்டணம் என்று தானே ஒரு தாளில் எழுதி வைத்திருப்பதை நாம் பார்த்தோம்.

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. கூடத்தில் ஓர் அடுப்பு, குளியலறையில் பாத்திரம் கழுவல், எங்கும் இழைப்புச் சுருள். அதை விரிப்பானேன்? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். புதுக் கதவுகளின் உள்பக்கத்தைத் தகடு ஒட்டாமல் விட்டால் சிக்கனமாகுமே என்று மிஸ்திரியிடம் கேட்டோம். உண்மையில் நம் உள்ளத்தில் இருந்தது சிக்கனமன்று. அவர் தலையை ஆட்டினார். ஒரு முகத்தில் மட்டும் தகடு ஒட்டினால், திறந்த முகம் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும், மூடிய முகம் குடிக்காது, பலகை வளையும். இருபுறமும் ஒட்டினால்தான் நேராக நிற்கும். பழைய கதவுகள் வில்லானதும் அதனால்தானாம்.

சிலிண்டர் அறையின் பழைய கதவை மட்டும் அவர் கொண்டுபோகவில்லை. வேண்டாமென்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டோம். இடமில்லாத வீட்டில் அதை எங்கே நிறுத்துவதென்று இல்லாள் கேட்ட கேள்வி நியாயமானதே. படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் செருகினோம்.

தில்லியில் பல வீடுகளுக்குக் குழாய்வழி எரிவாயு வந்துவிட்டது; அன்னையாருக்குச் சிலிண்டரில்தான் நம்பிக்கை. வேலை முடிந்த மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில், சிலிண்டர் தீர்ந்தது. புதியதை மாட்டி எழுந்தோம். அன்னையார் மேல் அலமாரியைத் திறந்து, தரையில் நின்றபடியே பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தார்.

“தேதி எழுதினியா?” என்றார், திரும்பாமல்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் கதவில் தேதி எழுதியதில்லை. இல்லாள் நாள்காட்டியில்தான் குறித்து வருகிறார். ஆயினும் பென்சிலை எடுத்துவந்து புதுக் கதவின் உள்பக்கத்தில் எழுத முயன்றோம். வழுக்கிற்று. பேனாவால் எழுதினோம், விரல் பட்டதும் அழிந்தது.

“அதுல எங்கே எழுதறது? பீரோவுக்குப் பின்னால நிக்குதே, அதுல எழுது” என்றார் அன்னையார்.

கதவை வெளியே இழுத்தோம். ஐந்தாம் பத்தியின் அடியில் நான்கு விரற்கடை இடம் இருந்தது.